தராசும் உடலும்: உடற்பருமன் சத்திரசிகிச்சையின் வரலாறும் மலைநாடும்

தேயிலைத் தோட்டத்திலே தராசு அன்றாடம் காணும் பொருளாகும். கொழுந்துக் கூடைகள் நாள்தோறும் அதன் முன் வரிசையாக வந்து நிற்கின்றன. கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் ஒரு பகுதி கழிக்கப்பட்டு, எஞ்சியதே தொழிலாளியின் கணக்கிலே ஏறுகின்றது. இவ்வாறு கொழுந்தின் எடையைத் தலைமுறை தலைமுறையாக அளந்துவந்த மலைநாட்டிலே, அக்கொழுந்தைப் பறித்தவரின் எடையை அளக்கவேண்டும் என்னும் எண்ணம் மிகப் பிந்தியே தோன்றியது. அவ்வாறு அளந்தபோதும், குறைவு எவ்வளவு என்று அறிவதற்காகவே அளந்தார்கள். பிறந்த குழந்தை 2.5 கிலோவை எட்டியதா? பிள்ளைக்காமராவிலே விடப்பட்ட பிள்ளை வயதுக்கேற்ற வளர்ச்சி பெற்றதா? கருவுற்ற தாயின் எடை கூடியதா? இவையே தராசிடம் கேட்கப்பட்ட கேள்விகள்.

இன்று அத்தராசிடம் வேறொரு கேள்வியும் கேட்கப்படுகின்றது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் மலைநாட்டிலும் அரிதான நோய்களாக இல்லை. எடை மிகுந்து, மூட்டு வலியும் மூச்சுத் திணறலும் உற்றோர், இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை ஒன்று உண்டு என்று கேள்விப்படுகின்றனர். அது யாது? எங்ஙனம் தோன்றியது? எவருக்கு உரியது? ஏழ்மையிலே பிறந்து வளர்ந்த உடல் அதற்குக் கொடுக்கவேண்டிய விலை என்ன? இவற்றுக்கு விடை காண, மலைநாட்டின் வரலாறும் மருத்துவத்தின் வரலாறும் ஒருங்கே வேண்டப்படுகின்றன.

மலைநாட்டின் பசி பழமையானது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே கோப்பித் தோட்டங்களுக்கென்று தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆட்கள் திரட்டப்பட்டனர். மன்னார்க் கரையிலே இறங்கி, காட்டு வழியே மாத்தளையை நோக்கி நடந்தவருள் பலர் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே இரையாயினர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையிலே தேயிலையைப் பயிரிட்டார். 1869இல் இலங்கையிலே தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியைப் படிப்படியாக அழிக்க, மலைகள் தேயிலையின் வசமாயின. பயிர் மாறிற்று, லயத்து அடுப்பிலே வெந்த உணவு பெரிதும் மாறவில்லை. தோட்டம் வழங்கிய அரிசியின் விலை சம்பளத்திலேயே கழிக்கப்பட்டது.

1912இல் இயற்றப்பட்ட மருத்துவத் தேவைகள் சட்டம், தோட்டத் தொழிலாளருக்கான வைத்திய வசதிகளை ஒழுங்குபடுத்த முற்பட்டது. 1916இல் அமெரிக்காவின் ரொக்ஃபெல்லர் நிறுவனத்தார் தோட்டங்களிலே கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினர். வெறுங்காலோடு நிற்பவரின் தோலைத் துளைத்து உட்புகுந்து, குடலிலே பற்றிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுவது அப்புழுவின் இயல்பு. உடல் வெளிறி, கால் வீங்கி, மலையேற மாட்டாது தளர்ந்தோர் தோட்டந்தோறும் இருந்தனர். அவர்களிடம் இல்லாதுபோனது இரத்தத்துக்கு உயிரான இரும்புச்சத்து. இந்த இரும்பின் கதை, சத்திரசிகிச்சையைப் பற்றிப் பேசுமிடத்து மீண்டும் வரும்.

பசி அத்தோடு ஒழியவில்லை. 1973, 1974ஆம் ஆண்டுகளிலே உலகச் சந்தையில் தானிய விலை உயர்ந்து, நாட்டிலே பங்கீட்டு உணவு குறைந்தபோது, தோட்டங்களிலே மரண வீதம் ஏறிற்று. அன்று கருவிலிருந்தோரும் கைக்குழந்தைகளாயிருந்தோரும் இன்று ஐம்பது வயதைக் கடந்தவர்கள். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, நாடு முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நூற்றுவரில் ஏறத்தாழ 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இன்றி இருந்தனர். பெருந்தோட்டப் பகுதியிலோ அத்தொகை ஏறத்தாழ 32 ஆகும்.

இத்தகைய மக்களிடையே எடை மிகுதியும் நீரிழிவும் ஏன் தோன்றவேண்டும்? பசியும் பருமனும் ஒன்றுக்கொன்று பகையானவை என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. அவ்வெண்ணத்தை மாற்றியவருள் ஒருவர் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் நகரத்து மருத்துவப் பேராசிரியர் டேவிட் பார்க்கர். எடை குறைந்து பிறந்தோருக்கு நடுவயதிலே இருதய நோயும் நீரிழிவும் மிகுதியாக வருகின்றன என்று 1980களின் இறுதி முதலாக அவரும் அவருடைய துணைவரும் எடுத்துக்காட்டினர். 1944-45 குளிர்காலத்திலே ஒல்லாந்திற் பஞ்சம் நிலவியபோது கருவிலிருந்தோரை ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் சோதித்தபோதும், சர்க்கரையைக் கையாளும் ஆற்றல் அவர்களிடம் குன்றியிருக்கக் காணப்பட்டது. தாயின் வயிற்றிலே பசியைக் கண்ட உடல், கிடைத்ததைச் சேமிக்கும் சிக்கன உடலாக அமைந்துவிடுகின்றது என்பது அவர்கள் கொண்ட முடிபு.

புனே நகரத்து டொக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் இதனை மேலும் தெளிவாக்கினார். அவரும் ஜோன் யுட்கின் என்ற ஆங்கில மருத்துவரும் தம் இருவரையுமே சோதித்து, 2004இல் ஒரு படத்தோடு முடிவை வெளியிட்டனர். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடற்திணிவுச் சுட்டி இருவருக்கும் 22.3 ஆகவே இருந்தது. ஆனால் உடலிலுள்ள கொழுப்போ ஆங்கிலேயரிடம் நூற்றுக்கு 9.1, இந்தியரிடம் 21.2. வெளித்தோற்றத்திலே மெலிந்திருப்பினும் தெற்காசியர் உடலின் உள்ளே, அதுவும் வயிற்றைச் சூழ்ந்து, கொழுப்பு மிகுந்திருக்கக்கூடும் என்பது இதனால் விளங்கிற்று.

மலைநாட்டு உணவை இதனோடு சேர்த்துப் பார்த்தல் வேண்டும். கோதுமை மா ரொட்டி, சம்பல், சீனி மிகுந்த தேநீர் ஆகியவை நாள் முழுதும் மலை ஏறி இறங்கியவரின் உடலிலே எரிந்து போயின. பிள்ளைகள் தோட்டத்தை விட்டுக் கொழும்பிலே கடையிலும் உணவுச்சாலையிலும் தொழில் தேடினர். தோட்டத்திலே இருந்தோரிலும் பலர் ஓய்வு பெற்றனர். உழைப்புக் குறைந்தது, மாவும் சீனியும் குறையவில்லை. சிக்கனத்துக்கென்று அமைந்த உடல் தன் இயல்புப்படி சேமிக்கத் தொடங்கிற்று. 2005-06இல் இலங்கையிலே நடத்தப்பட்ட ஆய்வொன்று, வயது வந்தோரில் பத்துப் பேருக்கு ஒருவர் நீரிழிவு உள்ளவர் என்று கண்டது. நகரத்தோடு ஒப்பிடுமிடத்துத் தோட்டத்திலே இந்நோய் குறைவே. ஆயினும் அது வராத இடமாகத் தோட்டம் இல்லை.

இனிச் சத்திரசிகிச்சையின் கதையை நோக்குதல் தகும். எடையைக் குறைப்பதற்கென்று வயிற்றைத் திறந்த முதல் முயற்சிகள் 1950களின் முற்பகுதியிலே அமெரிக்காவின் மின்னசோட்டாவில் நிகழ்ந்தன. ஆர்னால்ட் கிரமன், ஜோன் லின்னர் முதலியோர் 1954இல் அதனை எழுதி வெளியிட்டனர். உணவை உறிஞ்சும் உறுப்பு சிறுகுடல் ஆதலின், அதன் பெரும்பகுதியைப் பாதையிலிருந்து விலக்கிவிட்டால் எடை குறையும் என்பதே கருத்து. 1960களின் இறுதியிலே பரவிய முறையில், இருபது அடி நீளமுள்ள குடலின் மேற்பகுதியிலே 14 அங்குலமும் கீழ்ப்பகுதியிலே 4 அங்குலமும் மட்டுமே உணவுக்குரிய வழியாக விடப்பட்டன. எடை குறைந்தது உண்மை. ஆனால் ஓயாத வயிற்றுப்போக்கும், சிறுநீரகக் கற்களும், சத்துக்குறைவும் தொடர்ந்தன. சிலருக்கு ஈரல் செயலிழந்து உயிருக்கே ஊறு நேர்ந்தது. பலருக்கு அச்சிகிச்சையை மீட்டுத் திருத்தவேண்டியதாயிற்று. பின்னர் அம்முறை கைவிடப்பட்டது.

அயோவா பல்கலைக்கழகத்து எட்வர்ட் மேசன் வேறு வழியிலே சிந்தித்தார். இரைப்பைப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதி அகற்றப்பட்ட பெண்கள் மீண்டும் எடை கூட மாட்டாதிருப்பதை அவர் கவனித்தார். அக்கவனிப்பிலிருந்து, அவரும் சிகாஷி இட்டோவும் 1966இல் இரைப்பை மாற்றுவழிச் சத்திரசிகிச்சையைத் தொடங்கினர். இரைப்பையின் மேற்பகுதியிலே ஒரு சிறு பையை மட்டும் பிரித்து, அதனை நேரே சிறுகுடலோடு இணைத்தலே அதன் சாரம். 1977இல் வார்ட் கிரிஃபன் என்பவர், சுவிற்சர்லாந்தின் சேசார் ரூ முன்னரே வகுத்திருந்த ஆங்கில 'வை' எழுத்துப் போன்ற இணைப்பை இதிலே புகுத்தினார். பித்தம் மேலேறாது தடுக்கும் அவ்விணைப்பே இன்றும் வழக்கிலுள்ளது. 1994இலிருந்து இச்சிகிச்சை சிறு துளைகளின் வழியாகவும் செய்யப்படலாயிற்று.

பின்னர் எதிர்பாராத ஓர் உண்மை வெளிப்பட்டது. வட கரோலினாவின் வால்டர் போரிஸ் 1995இலே வெளியிட்ட கணக்கின்படி, சத்திரசிகிச்சை பெற்ற 146 நீரிழிவாளருள் 121 பேரின் சர்க்கரை சாதாரண நிலைக்குத் திரும்பிற்று. அதுவும் எடை குறைவதற்கு முன்னரே, சில நாட்களுக்குள் பலருக்கு மாற்றம் தோன்றியது! இரைப்பையும் குடலும் வெறும் உணவுப் பைகள் அல்ல; மூளைக்கும் சதையிக்கும் ஓமோன்கள் வாயிலாகச் செய்தி அனுப்பும் உறுப்புகள் என்பது இதனால் உறுதிப்பட்டது. இரைப்பையிலே பெருமளவிற் சுரந்து பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஓமோன் 1999இல் ஜப்பானியரான கோஜிமா, கங்காவா ஆகியோராற் கண்டுபிடிக்கப்பட்டது. சுவீடனிலே 1987இல் தொடங்கிய நீண்ட ஆய்வொன்று, சத்திரசிகிச்சை பெற்றோரிடையே மரணம் ஏறத்தாழக் காற்பங்கு குறைந்திருந்ததை 2007இல் அறிவித்தது.

இன்று ஒருவருக்குமுன் வைக்கப்படும் வழிகள் பிரதானமாக நான்கு. முதலாவது, இரைப்பைக் குழாய்ச் சிகிச்சை. இரைப்பையின் முக்காற் பங்குக்கும் மேலானது வெட்டி அகற்றப்பட, வாழைப்பழம் போன்ற குழாயொன்று எஞ்சுகின்றது. பசியைத் தூண்டும் ஓமோன் குறைகின்றது. குடலின் பாதை மாறுவதில்லை. ஆனால் அகற்றியதை மீண்டும் வைக்க இயலாது. நெஞ்செரிவு உள்ளோருக்கு அது மிகலாம். இரண்டாவது, மேலே கூறிய மாற்றுவழிச் சிகிச்சை. நீரிழிவுக்கும் நெஞ்செரிவுக்கும் அது வலிமை மிக்கது. சத்துக்குறைவு நேரும் அபாயம் முதலாவதைவிட மிகுதி. மூன்றாவது, இரைப்பையைச் சுற்றி இறுக்கும் பட்டி. எளியதென்று ஒரு காலத்திலே பெரிதும் போற்றப்பட்ட அது, எடை போதிய அளவு குறையாமையாலும் பட்டி வழுவுவதாலும் பலருக்கு அகற்றப்பட்டு, இன்று அருகிவிட்டது. நான்காவது, இரைப்பையைக் குறைத்துக் குடலின் பெரும்பகுதியையும் விலக்கும் சிகிச்சை. இத்தாலியின் நிக்கோலா ஸ்கோப்பினாரோ 1979இலே வெளியிட்ட முறை இதன் மூலமாகும். எடையை மிகக் கூடுதலாகக் குறைப்பதும் அதுவே. புரதமும் விற்றமின்களும் குன்றச்செய்வதும் அதுவே.

எவருக்கு இச்சிகிச்சை உரியது? எடையைக் கிலோவிலே எழுதி, மீற்றரில் எழுதிய உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடற்திணிவுச் சுட்டி. 1991இல் அமெரிக்காவிலே வகுக்கப்பட்ட விதி, அது 40ஐ எட்டவேண்டும், அல்லது நோய்கள் உடனிருப்பின் 35ஐ எட்டவேண்டும் என்றது. 2022இல் அமெரிக்கச் சங்கமும் சர்வதேசச் சங்கமும் கூடி அவ்வெல்லையைத் தளர்த்தின, ஆசியருக்கு 27.5 முதலே இச்சிகிச்சையை எண்ணலாம் என்றன. 1.50 மீற்றர் உயரமுள்ள பெண்ணுக்குப் பழைய விதியின்படி 90 கிலோ வேண்டும். நோயிருப்பின் 79 கிலோ. புதிய விதியின்படியோ ஏறத்தாழ 62 கிலோ. யாஜ்னிக் காட்டிய உண்மையே இவ்வெல்லை தாழ்ந்ததற்கு அடிப்படை. ஆயினும் எல்லையைத் தொட்டவர் எல்லோரும் கத்திக்கு உரியவர் அல்லர். உணவு, உழைப்பு, மருந்து ஆகியவற்றால் தீராத நோய்க்கே அது. தேர்ந்த நிலையங்களிலே சத்திரசிகிச்சையால் நேரும் மரணம் ஆயிரவரில் மூவர் என்ற அளவுக்குக் குறைந்துள்ளது. ஆனால் தையல் கசிதல், இரத்தக் கட்டி ஆகிய ஆபத்துகள் முற்றாக நீங்கவில்லை.

இனி, மலைநாட்டு உடலுக்கு இதன் விலையைக் கணக்கிடவேண்டும். இரும்புச்சத்து உறிஞ்சப்படுவது பெரும்பாலும் சிறுகுடலின் முதற்பகுதியிலாகும். மாற்றுவழிச் சிகிச்சையிலே உணவு தாண்டிச் செல்வது அப்பகுதியையே! கொக்கிப்புழு தலைமுறைகளாகக் கவர்ந்த அதே பொருளை, சிகிச்சையும் தன் பங்குக்குக் கேட்கின்றது. மாதந்தோறும் இரத்தம் இழக்கும் பெண்களுக்கு இது இன்னும் கடுமையானது. உணவோடு தேநீர் அருந்தினால் இரும்பு சேர்வது குறைகின்றது என்பதும் அறிந்ததே. எனவே, சத்திரசிகிச்சைக்கு முன்னர் இரத்தத்தைச் சோதித்துக் குறையை நிரப்புதலும், பின்னர் இரும்பு, கல்சியம், பி12, டி ஆகியவற்றை வாழ்நாள் முழுதும் உட்கொள்ளுதலும் வேண்டும். சிகிச்சைக்குப் பின் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கருவுறாதிருத்தல் வேண்டும் என்றும் மருத்துவர் கூறுவர். வேகமாக மெலியும் தாயின் பிள்ளைக்குச் சத்துப் போதாது. அவ்வாறு பிறக்கும் பிள்ளை எடை குறைந்திருப்பின், பார்க்கர் காட்டிய பழைய கதை மீண்டும் தொடங்கும் அன்றோ?

வேறு மாற்றங்களும் உண்டு. சீனி மிகுந்த தேநீரை விரைந்து குடித்தால், மாற்றுவழிச் சிகிச்சை பெற்றவருக்கு வியர்வையும் படபடப்பும் தலைசுற்றலும் தோன்றும். சாராயம் முன்னிலும் விரைவாக இரத்தத்திலே ஏறும். குடிக்கு அடிமையாகும் அபாயமும் மிகும். மாவுப் பண்டத்தாற் சிறு வயிற்றை நிரப்பினால் முட்டைக்கும் பருப்புக்கும் மீனுக்கும் இடமிராது. ரொட்டியே உணவாகிய வீட்டிலே இம்மாற்றம் ஒருவருக்கு மட்டும் உரியதாகாது. அடுப்பே மாறவேண்டும், செலவும் மாறவேண்டும்.

சத்திரசிகிச்சைக்கு மாற்றாக, 2021 முதல் செமாகுளுட்டைட் என்னும் ஊசி மருந்து உடற்பருமனுக்கென்று அங்கீகாரம் பெற்று வழங்கப்படுகின்றது. குடல் அனுப்பும் செய்திகளுள் ஒன்றைப் போன்று அது மூளைக்கும் சதையிக்கும் செயற்படுகின்றது. அதுவும் எடையைக் குறைக்கும், நிறுத்தினால் இழந்த எடையிற் பெரும்பகுதி திரும்பிவிடும், விலையும் உயர்ந்தது. ஆகவே எவ்வழியை மேற்கொண்டாலும் நெடுங்காலக் கவனிப்பு இன்றியமையாதது.

அக்கவனிப்பு எங்கே கிடைக்கும் என்பதே மலைநாட்டின் கேள்வி. தோட்டத்து மருந்துச்சாலையோடு நின்ற வைத்தியம் இன்று சற்று விரிந்துள்ளது. டிக்கோயா கிளெங்கேர்னிலே இந்தியாவின் உதவியோடு எழுந்த 150 படுக்கை வைத்தியசாலையை இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி 2017 மே 12ஆம் திகதி திறந்துவைத்தார். நுவரெலியாவிலும் கண்டியிலும் பெரிய வைத்தியசாலைகள் உள்ளன. ஆனால் உடற்பருமன் சத்திரசிகிச்சை பெரும்பாலும் கொழும்பைச் சார்ந்ததே. ஹற்றனிலிருந்து கொழும்பு நூறு கிலோமீற்றருக்கும் அப்பால். ஒரு நாள் வைத்தியரைக் காணச் சென்றால் அன்றைய பேர் இல்லை. பயணச் செலவு வேறு. முதலாண்டிலே பன்முறையும், பின் ஆண்டுதோறும் ஒருமுறையேனும் இரத்தச் சோதனைக்குச் செல்லவேண்டியவர் இதனை முன்கூட்டியே எண்ணிப்பார்த்தல் நலம். மருத்துவரிடம் கேட்கவேண்டியவை பல. எம்முறை? ஏன் அம்முறை? என் இரத்தத்திலே இரும்பு எவ்வளவு? பின்னர்ச் சோதனைகளை டிக்கோயாவிலோ நுவரெலியாவிலோ செய்துகொள்ள இயலுமா? மாத்திரைகளின் மாதச் செலவு யாது? இக்கேள்விகளுக்குத் தெளிந்த விடை பெற்றவரே கையொப்பமிடத் தக்கவர்.

திருக்குறளிலே மருந்து என்னும் அதிகாரத்தின் பெரும்பகுதி அளவறிந்து உண்பதைப் பற்றியது. அவ்வதிகாரத்தின் முடிவிலே வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக்கி, நோயுற்றவர், தீர்க்கும் வைத்தியர், மருந்து ஆகியவற்றோடு, அருகிருந்து உதவுபவரையும் சேர்க்கின்றார். மின்னசோட்டாவின் குடற்சிகிச்சை முதல் இன்றைய ஊசி வரை, எழுபது ஆண்டுக் கால வரலாறு முதல் மூன்று கூறுகளையும் வெகுவாக வளர்த்துள்ளது. நான்காவது கூறோ, இரத்தச் சோதனையை நினைவூட்டும் தோட்டத்துத் தாதியிடமும், மாத்திரையை எடுத்துக்கொடுக்கும் மகளிடமும், முட்டைக்கென்று நாலு காசு ஒதுக்கும் கணவரிடமும் இருக்கின்றது. கொழுந்தின் எடையைத் தவறாது குறித்துவந்த மலைநாட்டிலே, பறிப்பவரின் எடையையும் இரத்தத்தையும் ஆண்டுதோறும் குறித்துவைக்கும் ஓர் ஏடு தோட்டந்தோறும் இருக்குமாயின், பலருக்குக் கத்தியே வேண்டாதொழியும். வேண்டியவருக்கும் அது நல்ல பயன் தரும்.